'டு'வுக்கும் வினைக்கும் நடுவே

வங்கித் தேர்வுக்குப் படித்துவரும் வாசகர் ஒருவர், பிழை கண்டறியும் பகுதியில் தம்மைக் குழப்பிய ஒரு வாக்கியத்தை எழுதி அனுப்பியிருக்கிறார். 'தி மேனேஜர் ஆஸ்க்ட் அஸ் டு கேர்ஃபுல்லி ரீட் தி ஃபார்ம்' என்பது அந்த வாக்கியம். 'டு' என்ற சொல்லுக்கும் 'ரீட்' என்ற வினைக்கும் நடுவே 'கேர்ஃபுல்லி' நுழைந்துவிட்டதால் இது தவறு என்று அவருடைய வழிகாட்டி நூல் சொல்கிறதாம். ஆனால் ஆங்கிலச் செய்தித் தொலைக்காட்சிகளில் நாள்தோறும் இப்படித்தானே பேசுகிறார்கள், இதை யார் தவறென்று தீர்மானித்தார்கள் என்று அவர் கேட்கிறார்.

அடிப்படை எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். தமிழில் 'படிக்க', 'பாட', 'போக' என்று வரும் செயவென் எச்சத்தின் வேலையை ஆங்கிலத்தில் 'டு ரீட்', 'டு சிங்', 'டு கோ' என்பவை செய்கின்றன. வினை எப்படி நிகழ்ந்தது என்று சொல்வது வினையடை. இந்த 'டு'வுக்கும் வினைக்கும் இடையில் வினையடை வந்து அமர்வதையே ஆங்கில இலக்கணக்காரர்கள் 'ஸ்பிளிட் இன்ஃபினிடிவ்' என்கிறார்கள்.

வினையடை ஏன் அந்த இடத்தைத் தேடிப் போகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். என் தாயார் சமைக்கும் பதார்த்தங்களில் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைக்கும்படி மருத்துவர் எனக்குச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது 'தி டாக்டர் அட்வைஸ்ட் மீ டு ஸ்லோலி ரெட்யூஸ் தி சால்ட் இன் தி டிஷஸ் மை மதர் குக்ஸ்' என்று வரும். இனி 'ஸ்லோலி'யை அந்த இடத்திலிருந்து கிளப்பிப் பாருங்கள். 'டு'வுக்கு முன்னால் வைத்து 'அட்வைஸ்ட் மீ ஸ்லோலி டு ரெட்யூஸ்' என்றால், மருத்துவர் நிறுத்தி நிதானமாக அறிவுரை சொன்னாரா, நான்தான் நிதானமாகக் குறைக்க வேண்டுமா என்ற ஐயம் எழுகிறது. வினைக்குப் பின்னால் வைத்து 'ரெட்யூஸ் ஸ்லோலி தி சால்ட்' என்றாலோ காதில் உறுத்துகிறது. ஏனெனில், வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே அந்நியர் எவரும் நிற்பதை ஆங்கிலம் விரும்புவதில்லை. சரி, வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய் வைத்தால் 'மை மதர் குக்ஸ் ஸ்லோலி' என்றாகி, உப்பு அப்படியே இருக்க, மெதுவாகச் சமைக்கிறவர் என்ற பெயர் என் தாயாருக்கு வந்துவிடும். நான்கு இடங்களில் ஐயத்துக்கும் உறுத்தலுக்கும் இடம் தராமல் சொல்ல வந்ததைச் சொல்வது, வழிகாட்டி நூல் தடைசெய்யும் அந்த ஓரிடம்தான்.

இது தற்செயலன்று. 'ஐ ஸ்லோலி ரெட்யூஸ்ட்' என்னும்போது வினையடை வினைக்கு நேர் முன்னே நிற்கிறது. 'ஐ வில் ஸ்லோலி ரெட்யூஸ்' என்னும்போதும் துணைவினையான 'வில்'லைத் தாண்டி வந்து வினைக்கு நேர் முன்னேதான் நிற்கிறது. 'டு ஸ்லோலி ரெட்யூஸ்' என்பதிலும் அது வழக்கமான தன் இடத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் 'டு' என்பது 'வில்' போல வினைக்கு வெளியே நிற்கும் தனிச்சொல்லா என்று கேட்கத் தோன்றும். ஆம் என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. 'வில் யூ கம்?' என்ற கேள்விக்கு 'ஐ வில்' என்று வினையை விட்டுவிட்டுப் பதில் சொல்கிறார்கள். அதேபோல 'டூ யூ வான்ட் டு கம்?' என்ற கேள்விக்கு 'ஐ வான்ட் டு' என்கிறார்கள். வினை போய்விட்டது, 'டு' நிற்கிறது. தமிழில் 'குறைக்க வேண்டுமா?' என்று கேட்டால் 'க்க வேண்டும்' என்று எவரும் பதில் சொல்வதில்லை. ஏனெனில் நம்முடைய விகுதி சொல்லோடு ஒட்டிப் பிறந்தது, அவர்களுடைய 'டு' அப்படிப் பிறக்கவில்லை. 'டு'வையும் துணைவினைகளில் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்று மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் 1982இல் வாதிட்டார்.

இந்த 'டு' எங்கிருந்து வந்தது என்ற கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில், 'குடிக்க' என்பதற்கு 'ட்ரிங்கன்' என்ற ஒரே சொல் போதுமானதாக இருந்தது; 'அன்' என்ற விகுதியே எச்சத்தைக் காட்டிவிட்டது. குடிப்பதன்பொருட்டு என்று நோக்கத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும், அந்தச் சொல்லை ஒரு பெயர்ச்சொல்லைப் போல நான்காம் வேற்றுமையில் நிறுத்தி, 'நோக்கி' என்று பொருள்படும் 'டோ'வை முன்னால் வைத்து, 'டோ ட்ரிங்கென்னே' என்றார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இது முற்றிலும் தெரிந்த ஏற்பாடு. தொல்காப்பியம் அடுக்கும் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளில் 'செய' என்பதும் உண்டு, 'செயற்கு' என்பதும் உண்டு. பழைய ஆங்கிலத்தின் 'ட்ரிங்கன்' முன்னதைப் போன்றது, 'டோ ட்ரிங்கென்னே' பின்னதைப் போன்றது. நம்முடைய 'கு' சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டது, அவர்களுடைய 'டோ' தலைமாட்டில் தனியே நின்றது, அவ்வளவுதான் வேறுபாடு. பின்வந்த நூற்றாண்டுகளில் ஆங்கிலச் சொற்களின் கடைசி அசைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, 'ட்ரிங்கன்' 'ட்ரிங்கென்' ஆகி, பிறகு வெறும் 'ட்ரிங்க்' ஆயிற்று. விகுதி உதிர்ந்தபின் இது எச்சம் என்று அறிவிக்கும் வேலை, அதுவரை நோக்கத்தை மட்டும் சுட்டிவந்த 'டு'வின் தலையில் விழுந்தது. ஆனால் வேலைதான் விகுதியின் வேலையே தவிர, பிறவி தனிச்சொல்லின் பிறவி. தனிச்சொல்லுக்கு அடுத்து இன்னொரு சொல் வந்து நிற்பதை யார் தடுக்க முடியும்? 13ஆம் நூற்றாண்டு முதலே அப்படி நின்ற சான்றுகள் கிடைக்கின்றன.

ஆகவே பழைமையைக் காட்டி இந்த வழக்கைத் தள்ளிவிட முடியாது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து சில காலம் இது எழுத்தில் அருகியே காணப்பட்டது என்பது உண்மை. ஷேக்ஸ்பியரிடம் தேடினாலும் அரிதாகவே அகப்படும். 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் பெருகியபோதுதான் கண்டனமும் பிறந்தது. கேன்டர்பரி பேராலயத்தின் டீனாக இருந்த ஹென்றி ஆல்ஃபர்ட், 1864இல் வெளிவந்த தம் நூலில், அன்பர் ஒருவர் 'டு சயின்டிஃபிகலி இலஸ்ட்ரேட்' என்று எழுதுவதைச் சரியென்று வாதிட்டதாகக் குறிப்பிட்டு, ஆங்கிலம் பேசுவோரிடமும் எழுதுவோரிடமும் அப்படியொரு வழக்கமே கிடையாது என்று தீர்ப்பளித்தார். லத்தீனில் எச்சம் ஒரே சொல் என்பதால் ஆங்கிலத்திலும் பிரிக்கலாகாது என்று விதி செய்தார்கள் என இன்று பலர் எழுதுகிறார்கள். ஆல்ஃபர்ட் இந்த இடத்தில் லத்தீனைத் துணைக்கு அழைக்கவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஆங்கில இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன், 'தி குட் மேன்' என்பதில் 'குட்' நடுவே வந்ததற்காகப் பெயர்ச்சொல் பிளந்துவிட்டது என்று எவரேனும் அழுவதுண்டா என்ற பொருள்படக் கேட்டதே இந்தக் கண்டனத்துக்குப் போதுமான மறுமொழி என்பேன்.

விதியின் நிழல் எவ்வளவு நீளமானது என்பதற்கு 2009 ஜனவரி 20 அன்று வாஷிங்டனில் நடந்ததைச் சொல்லலாம். அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் உறுதிமொழியில் 'வில் ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிக்யூட்' என்று வரவேண்டும். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் நினைவிலிருந்து சொல்லிக்கொடுத்தபோது 'ஃபெய்த்ஃபுல்லி'யை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டார். ஒபாமா ஒரு கணம் திகைத்து நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் உறுதிமொழி மீண்டும் எடுக்கப்பட்டது. வினைத்தொடரின் நடுவே வினையடை வரலாகாது என்ற பழக்கம் ராபர்ட்ஸை அறியாமலே அவர் நாவில் புகுந்திருக்கலாம் என்று உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் ஊகித்தார். நாட்டின் அரசமைப்புச் சட்டமே எழுதிவைத்த சொல்வரிசை அது என்பதுதான் வேடிக்கை.

எந்த வினையடையையும் அங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று பொருளாகாது. 'ஸ்லோலி', 'கேர்ஃபுல்லி' போன்றவை இயல்பாக அமர்கின்றன; 'வெல்', 'ஃபாஸ்ட்', 'யெஸ்டர்டே' போன்றவை அமர்வதில்லை. 'டு ஃபாஸ்ட் ரன்' என்று ஆங்கிலக் குழந்தைகூடச் சொல்லாது. ஏனெனில் 'ஐ ஃபாஸ்ட் ரன்' என்றும் அது சொல்வதில்லை. இடத்தை முடிவு செய்வது வினையடையின் இயல்பே தவிர 'டு' அன்று என்பது இதிலும் தெரிகிறது. மறுபக்கம், நகர்த்தவே முடியாதவையும் உண்டு. விலை இரண்டு மடங்குக்கும் மேல் உயரும் என்பதை 'டு மோர் தேன் டபுள்' என்றுதான் சொல்ல முடியும்; 'மோர் தேன்' என்பதை எங்கே தூக்கி வைத்தாலும் வாக்கியம் நொறுங்கிவிடும்.

பேச்சில் இதன் போக்கை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். லங்காஸ்டர் பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகமும் சேர்ந்து திரட்டிய பிரிட்டிஷ் உரையாடல் தொகுப்பை முந்தைய தொகுப்போடு ஒப்பிட்டபோது, 1990களின் தொடக்கத்தில் பத்து லட்சம் சொற்களுக்கு 44 ஆக இருந்த இந்த அமைப்பு, 2010களில் 117 ஆகியிருந்தது. மக்கள் வீட்டிலும் கடையிலும் பேசுவதை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கினால்தான் இப்படி எண்ணிச் சொல்ல முடியும். தமிழ்ப் பேச்சுக்கு இந்த அளவில் ஒரு தொகுப்பு வேண்டும். விழா மேடைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை அதற்குத் திருப்பலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆங்கில வழக்கு அகராதி எழுதிய ஹென்றி ஃபவுலர் 1926இல் ஆங்கிலம் பேசுவோரை இந்த விஷயத்தில் ஐந்து வகையாகப் பிரித்தார். இது இன்னதென்று அறியாமலும் அதைப் பற்றிக் கவலைப்படாமலும் இருப்பவர்கள் முதல் வகை. இன்னதென்று அறியாமலே மிகவும் கவலைப்படுபவர்கள் இரண்டாம் வகை. வழிகாட்டி நூல்கள் பலவும் அந்த இரண்டாம் வகையினர் எழுதியவையோ என்று எனக்கு ஐயம். வாசகருக்கு நான் சொல்வது இதுதான்: பிழை கண்டறியும் கேள்வியில் முதலில் எழுவாயும் வினையும் பொருந்துகின்றனவா, காலம் சரியா என்று பாருங்கள், அங்கெல்லாம் குற்றமே இல்லாமல் 'டு கேர்ஃபுல்லி ரீட்' மட்டும் எஞ்சினால், கேள்வி தயாரித்தவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார் என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். வேலை கிடைத்தபின் மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் 'கேர்ஃபுல்லி'யை அதன் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.