மென்சியஸ் சொன்ன வலைக்கண் கணக்கு

சீனாவின் லியாங் நாட்டு அரசர் ஹுய்க்கு ஒரு மனக்குறை. பஞ்சம் வந்தால் மக்களை வேறு பகுதிக்கு மாற்றுகிறேன், தானியம் அனுப்புகிறேன், ஆனாலும் என் நாட்டில் மக்கள்தொகை கூடவில்லையே என்று மென்சியஸிடம் கேட்டார். நடந்து சுமார் 2,300 ஆண்டுகள் ஆகின்றன. கன்ஃபூசியஸ் வழிவந்த அந்த அறிஞர் சொன்ன பதில் இதுதான்: உழவுக் காலத்தில் மக்களை வேறு வேலைக்கு இழுக்காதீர்கள், குளத்தில் கண் நெருக்கமான வலையை விடாதீர்கள், காட்டுக்குள் கோடரி உரிய பருவத்தில் மட்டும் போகட்டும். பிறகு தானியமும் மீனும் மரமும் மிஞ்சும். உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்றவும் இறந்தவர்களை முறையாக அடக்கம் செய்யவும் மக்களுக்குக் குறை இருக்காது. நல்லாட்சி அங்கேதான் தொடங்குகிறது என்றார்.

வலைக்கண் பெரிதாக இருந்தால் என்ன ஆகும்? குஞ்சுகள் தப்பிவிடும். இளம் மீன் வேகமாக வளரும். நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. தப்பியவற்றில் சில இடையில் செத்தாலும், மிஞ்சியவை போடும் எடை அந்த இழப்பை ஈடுகட்டிவிடும். அதைவிட முக்கியம், அவை ஒரு முறையாவது முட்டையிட்ட பிறகு பிடிபடுகின்றன. பெரிய பெண் மீன் இடும் முட்டைகளும் அதிகம். குஞ்சிலேயே அள்ளிவிட்டால் எடையும் போச்சு, அடுத்த தலைமுறையும் போச்சு.

12ஆம் நூற்றாண்டில் மென்சியஸின் இந்த வலை வரிக்கு உரை எழுதிய ஜு ஷி என்ற அறிஞர், பழைய விதி ஒன்றைக் குறிப்பிடுகிறார். வலைக்கண் 4 சுன் இருக்க வேண்டும், ஒரு சீன அடிக்குக் குறைந்த மீனைச் சந்தையில் விற்கவும் கூடாது, உண்ணவும் கூடாது. பண்டைய அளவில் அந்த அடி சுமார் 23 சென்டிமீட்டர், 4 சுன் என்பது சுமார் 9 சென்டிமீட்டர். எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சந்தை விதிதான். வாங்க ஆள் இல்லாவிட்டால் குஞ்சைப் பிடிப்பவருக்கு லாபமே இல்லை.

காட்டைப் பற்றியும் மென்சியஸ் கூர்ந்து பார்த்திருக்கிறார். ஒரு பெரிய நாட்டின் தலைநகருக்கு அருகில் இருந்ததால் எருது மலை என்ற மலையின் மரங்களை வெட்டித் தீர்த்தார்கள் என்கிறார். மழையும் பனியும் பட்டு மறுபடி துளிர் வந்தது. அப்புறம் மாடும் ஆடும் அதை மேய்ந்தன. மலை மொட்டையானதற்கு வெட்டு மட்டும் காரணமில்லை, துளிருக்கு அவகாசம் கிடைக்காததும் காரணம்.

நிலையான பிழைப்பு இல்லாத மக்களுக்கு நிலையான மனமும் இருக்காது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். இந்தக் காலத்துக்கும் அது பொருந்தும். யாங்சி ஆற்றில் 2021 ஜனவரி 1 முதல் 10 ஆண்டு மீன்பிடித் தடையைச் சீனா கொண்டுவந்தபோது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் தொழிலை விட வேண்டியிருந்தது. அவர்களுக்கு இழப்பீடும் வேறு தொழிலுக்கான பயிற்சியும் தரப்பட்டன. சிலர் அதே ஆற்றில் திருட்டுத்தனமாக மீன் பிடிப்பவர்களைத் தடுக்கும் காவல் வேலைக்குச் சேர்ந்தார்கள்.