ஜெர்மனி குடும்ப விசா: பட்டியலில் இல்லாத ஆவணம் கேட்டால்

கணவனோ மனைவியோ ஜெர்மனியில் வேலை பார்க்க, இங்கிருந்து குடும்ப விசாவுக்குப் போடுகிறவர்களுக்கு, எல்லாம் கொடுத்து முடித்த பிறகு இன்னொரு ஆவணம் வேண்டும் என்று தூதரகத்திலிருந்து மெயில் வருவது சகஜம். பதற வேண்டாம், ஆனால் கிடப்பில் போட்டுவிடாதீர்கள். 2025 ஜூலை 1 முதல், விசாவை மறுத்தால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழியை ஜெர்மனி எடுத்துவிட்டது. மறுத்தால் புதிதாகப் போட வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு. விட்டுப்போனதைச் சரிசெய்ய அந்த மெயில்தான் நல்ல வாய்ப்பு.

தூதரகம் தரும் ஆவணப் பட்டியல் எல்லாருக்கும் பொதுவானது. உங்கள் கோப்பு துணைவர் வசிக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் போகலாம். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு என்று அங்கிருந்தும் கேட்பார்கள். தேவையான சான்றுகளைக் காட்டுவது விண்ணப்பதாரரின் கடமை என்று ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டத்தின் 82-வது பிரிவே சொல்வதால், 'பட்டியலில் இல்லையே' என்று வாதாடிப் பயனில்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பெரிய தலைவலி பெயர்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், திருமணச் சான்றில் வெறும் இனிஷியல், பழைய பிறப்புச் சான்றில் குழந்தை பெயர் இடமே காலியாக இருக்கும். நோட்டரி அஃபிடவிட் ஒன்றை மட்டும் நம்பாமல், பதிவு அலுவலகத்தில் மூலச் சான்றையே திருத்த முடியுமா என்று முதலில் பாருங்கள், பள்ளிச் சான்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

அப்புறம், யாரும் கேட்காமலேயே அப்போஸ்டில் முத்திரைக்கு (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று தரும் முத்திரை) காசு கட்டாதீர்கள். இந்த முத்திரையை நாடுகள் ஏற்றுக்கொள்வதற்கான உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபித்ததால் இந்திய ஆவணங்களுக்கு அது அங்கே செல்லாது. அதற்குப் பதில் தேவைப்பட்டால் தூதரகம் வழக்கறிஞரை வைத்து நேரில் விசாரிக்கும். செலவு உங்களுடையது, மாதக்கணக்கில் இழுக்கும்.

கேட்டது உங்களுக்குப் பொருந்தாததாகவும் இருக்கலாம். துணைவரிடம் ஐரோப்பிய நீல அட்டை (EU Blue Card, உயர் தகுதி வேலைக்காரர்களுக்கான குடியிருப்பு அனுமதி) இருந்தால் ஏ1 (அடிப்படை நிலை ஜெர்மன்) மொழிச் சான்று தேவையில்லை. அட்டை நகலோடு அதை எழுதி அனுப்புங்கள்.

கெடுவுக்குள் ஆவணம் வராது என்று தெரிந்தால் கெடு முடிவதற்கு முன்பே, மனு போட்ட ரசீதை இணைத்து அவகாசம் கேளுங்கள். ஏஜென்ட் 'ரெடி பண்ணித் தரேன்' என்று சொல்லும் சான்று மட்டும் வேண்டவே வேண்டாம், விசாரணைக்கு வரும் வழக்கறிஞர் பதிவு அலுவலகத்துக்கே போய் மூலப் பதிவேட்டைப் பார்க்க முடியும்.