'நல்லாத்தானே பேசுறார்': டிமென்ஷியாவில் பழகும் திறனை மதிப்பிடுவது

டிமென்ஷியா எனும் மறதி நோய்க்காக ஞாபகம், கவனம், மொழி முதலியவற்றைக் கேள்விகளால் சோதிக்கும் எம்எம்எஸ்இ பரிசோதனையில் 30-க்கு 20 வாங்கியவர் தெருவில் எல்லோரிடமும் கலகலப்பாக இருப்பார். 28 வாங்கிய இன்னொருவர் சம்பந்தி வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து வடையை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, முறைத்தவரைப் பார்த்துச் சிரிப்பார். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் டிமென்ஷியா பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். ஞாபகம் அப்போது ஓரளவு சரியாகவே இருக்கும். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 எனும் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு, பிறர் மனமறிந்து நடக்கும் திறனையும் ஆறு அறிதிறன்களில் ஒன்றாகச் சேர்த்தது. எம்எம்எஸ்இ-யில் அதற்கு ஒரு கேள்விகூடக் கிடையாது. தனியாகத்தான் கேட்டாக வேண்டும்.

லண்டன் யுசிஎல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கென்றே உருவாக்கிய எஸ்எஃப்-டெம் அளவுகோல் மூன்றைப் பார்க்கிறது: மனிதர்களோடு நேரம் செலவிடுவது, பேச்சுத்தொடர்பு, பிறர் உணர்வைப் புரிந்து நடப்பது. முதலிரண்டையும் குடும்பத்தார் தாமாகவே சொல்வார்கள். மூன்றாவதை வெட்கப்பட்டு மறைப்பார்கள். நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு, "யார் மனசாவது நோகும்படி ஏதாவது சொன்னாரா? வீட்டில் ஒருத்தர் அழுதால் என்ன செய்கிறார்?" என்று நேராகவே கேளுங்கள்.

"அப்பா வெளியே போறாரா?" என்பது உதவாத கேள்வி. கோயில் வாசல்வரை போய்த் திரும்பினாலும் "போறாரே" என்றுதான் பதில் வரும். கடந்த ஒரு மாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். யார் வீட்டுக்குப் போனார், கிளம்பலாம் என்று முதலில் சொன்னது யார்? போன் அவராகப் போட்டாரா, போட்டுக் கொடுத்தார்களா? கல்யாணத்தில் மொய் அவர் கையால் வைத்தாரா? கூடப் போவதைவிடத் தானாகத் தொடங்குவதுதான் பல பேருக்கு முதலில் குறைகிறது. ஒப்பிட வேண்டியது பத்து வருடத்துக்கு முந்தைய அவரோடு. எப்போதுமே ஒதுங்கி வாழ்ந்தவர் இன்றும் ஒதுங்கியிருப்பது நோய்க்குறி ஆகாது.

பரிசோதனை அறையிலும் கவனிக்க நிறைய இருக்கிறது. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரில் உபசார வார்த்தைகள் பெரும்பாலும் நெடுநாள் நிற்கும். "சாப்பிட்டீங்களா, பிள்ளைங்க சௌக்கியமா" என்று ஐந்து நிமிடம் அழகாக ஓட்டிவிடுவார். அதனால் குறைந்தது இருபது நிமிடமாவது பேசுங்கள். மகளை அவருக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் உட்காரவையுங்கள். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றதும் பதிலுக்கு உதவி தேடி, வாய் திறக்குமுன் தலை மகள் பக்கம் திரும்பும். அது எத்தனை கேள்விக்கு நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அதிகம் தவறு நடப்பது காரணத்தைப் பிரிக்கும் இடத்தில். விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தியவருக்குக் காது கேட்காமல் இருக்கலாம்; காதில் அடைத்த குறும்பிகூடப் போதும். சிறுநீரை அடக்க முடியாத பயம் இருக்கலாம். இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. மனச்சோர்வாக இருக்கலாம். தொலைந்துவிடுவார் என்று வீட்டார் கேட்டைப் பூட்டியிருக்கலாம். குறிப்பேட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'முடியவில்லை', 'விருப்பமில்லை', 'வாய்ப்பில்லை' என்பதில் எது என்று எழுதுங்கள். மூன்றாவதற்கு மாத்திரை கிடையாது. கூடப் போக ஒரு ஆள் வேண்டும்.

அன்றாடச் செயல்பாட்டுக் கேள்வித்தாள்களிலும் இதே வழுக்கல் உண்டு. 1969-இல் வந்த லாட்டன் அளவுகோலில் சமையலும் துணி துவைப்பதும் இருக்கின்றன. அடுப்படிப் பக்கமே போகாத தாத்தாவுக்கு அதில் மதிப்பெண் குறைத்தால், அளந்தது அந்த வீட்டு வழக்கத்தைத்தான். எண் கூடினால் சிரமம் அதிகம் என்று கணக்கிடும், 1982-இல் வந்த ஃபெஃபர் கேள்வித்தாள் பரவாயில்லை: 'இதுவரை செய்ததில்லை, ஆனால் இப்போது செய்ய முடியும்' என்றால் பூஜ்யம், 'இதுவரை செய்ததில்லை, இப்போது சிரமம்' என்றால் 1.

நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் தனித்தனியே கேட்டால் பதில்கள் பெரும்பாலும் முட்டும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். தன் குறையை உணராதவர் எல்லாம் சரி என்பார். தூக்கமில்லாமல் பார்த்துக்கொள்ளும் மருமகள் எல்லாம் போச்சு என்பார். இரண்டையும் அப்படியே பதிவு செய்யுங்கள். அடியில் பதில் சொன்னவர் என்ன உறவு, வாரத்தில் எத்தனை நாள் கூட இருப்பவர் என்றும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கும்போது அதே ஆளை வரச்சொல்லுங்கள். முதல்முறை கூட இருக்கும் மருமகளும் அடுத்தமுறை வெளியூர் மகனும் பதில் சொன்னால், மதிப்பெண் மாறியதற்கு அர்த்தமே இருக்காது.