சாப்பிடத் தகுந்ததெல்லாம் சுவாசிக்கத் தகுந்ததா?

"இதில் இருப்பதெல்லாம் கேக்கிலும் ஐஸ்கிரீமிலும் போடுவதுதானே டாக்டர்?" வேப், அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட், பிடிக்கும் இளைஞர்களிடம் பேசும்போது பெரும்பாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். வேப் திரவக் குப்பியின் லேபிளைப் படித்திருக்கிறார்கள். புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், ஃபிளேவர், நிக்கோட்டின் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். நிக்கோட்டினை விட்டால் மற்றவை உணவுத் தயாரிப்பில் பயன்படுபவை என்பதும் உண்மைதான். ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவை ஒரு நுரையீரல் மருத்துவராக என்னால் ஏற்க முடியாது.

உணவுக்கான அனுமதி, குடல் வழியாகப் போகும் பொருளுக்குத் தரப்படுவது. வயிற்றில் அமிலம் இருக்கிறது. குடல் உறிஞ்சியது நேராக உடல் முழுவதும் பரவிவிடாது. முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே சிதைக்கப்பட்ட பிறகே மற்ற உறுப்புகளுக்குச் செல்கிறது. நுரையீரலில் அப்படி எந்தச் சோதனைச் சாவடியும் கிடையாது. காற்றுப்பைக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒரு மைக்ரானைவிட மெல்லியது. ஆக்சிஜன் நொடியில் கடந்து போவதற்காக அமைந்த அந்தச் சுவர், நீங்கள் இழுக்கும் எதையும் அதே வேகத்தில் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது வேப்பிலிருந்து அல்ல, பாப்கார்னிலிருந்து. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்ற ஊரில் மைக்ரோவேவ் பாப்கார்ன் தயாரிக்கும் ஆலை ஒன்று இருந்தது. அங்கே முன்பு வேலை செய்த எட்டுப் பேருக்கு மிகச் சிறிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைத்துப்போகும் அரிய நோய் இருப்பது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. அந்தத் தழும்பை மருந்தால் கரைக்க முடியாது. ஆய்வாளர்கள் தேடிப் பிடித்த காரணம், வெண்ணெய் மணத்துக்காகச் சேர்க்கப்பட்ட டையசெட்டில் என்ற பொருள். சூடான எண்ணெயில் அந்த ஃபிளேவரைக் கலக்கும் அறையில் நின்றவர்களே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டார்கள். அதே பாப்கார்னை வாங்கிச் சாப்பிட்ட லட்சக்கணக்கானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொருள் ஒன்றுதான், அது உடலுக்குள் போன வழி வேறு.

அதே டையசெட்டிலை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வேப் ஃபிளேவர்களில் தேடினார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில் சோதித்த 51 ஃபிளேவர்களில் 39இல் அது இருந்தது. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சாதாரண சிகரெட் புகையிலும் டையசெட்டில் உண்டு, இதைவிட அதிகமாகவே உண்டு. வேப் பிடிக்கும் எல்லோருக்கும் 'பாப்கார்ன் நுரையீரல்' வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் மிகையானவை. அப்படிப் பயமுறுத்தினால், நாளைக்கு நாம் சொல்லும் உண்மையையும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். என் கவலை வேறு. பெயர் கெட்டுப்போன டையசெட்டிலுக்குப் பதிலாகப் பயன்படும் 2,3-பென்டேன்டையோன் என்ற நெருங்கிய உறவுப் பொருளும் விலங்குகளில் மூச்சுக்குழலை அதேபோல் புண்ணாக்கியிருக்கிறது. "டையசெட்டில் இல்லை" என்ற லேபிளால் ஒன்றும் முடிந்துவிடவில்லை. இலவங்கப்பட்டை மணத்துக்கான சின்னமால்டிஹைடு, சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களின் அசைவை மந்தமாக்குவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

லேபிளில் எழுதியிருப்பது குப்பிக்குள் இருப்பதை மட்டும். சூடான பிறகு உண்டாவதை எந்த லேபிளும் சொல்வதில்லை. கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானால் அக்ரோலினாக மாறுகிறது. வாணலியில் எண்ணெய் கருகும்போது கண்ணை எரித்துத் தொண்டையைக் கமறவைக்கும் ஆவியில் இருப்பதும் அதே அக்ரோலின்தான். கூடவே புற்றுநோய் உண்டாக்கும் ஃபார்மால்டிஹைடும் பிறக்கிறது. திரவம் வற்றி, கருவிக்குள் அதை உறிஞ்சி வைக்கும் பஞ்சு காய்ந்த பிறகும் இழுத்தால் இரண்டும் பெருகுகின்றன. பிறகு உலோகம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நிரப்பும் குப்பியிலிருந்த திரவத்தைவிட, அதைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலைத் தொட்டு வந்த ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம் மிக அதிகமாக இருந்தன.

2019இல் அமெரிக்காவில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல், வாந்தி என்று வேப் பிடித்த இளைஞர்கள் மருத்துவமனைகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள்; அவர்களில் 68 பேர் இறந்துவிட்டார்கள். நோயாளிகள் 51 பேரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் 48 பேருக்கு வைட்டமின் ஈ அசிடேட் இருந்தது. கஞ்சாச் சத்துள்ள திரவத்தைக் கெட்டியாகக் காட்டுவதற்காகக் கள்ளச்சந்தைக்காரர்கள் அதைக் கலந்திருக்கிறார்கள். இதே பொருள் முகக் கிரீமில் இருக்கிறது, சத்து மாத்திரையில் இருக்கிறது. அங்கெல்லாம் அது யாரையும் கொல்லவில்லை.

நம் நாட்டில் 2019 முதல் மின்சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாமே சட்டப்படி தடை செய்யப்பட்டவை. அப்படியானால் இங்கே ஒரு கல்லூரி மாணவர் கையில் இருக்கும் ஒவ்வொரு குப்பியும் கள்ளச்சந்தைச் சரக்குதான். இங்கிலாந்தில் நிக்கோட்டின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, டையசெட்டில் சேர்க்கக் கூடாது என்றெல்லாம் விதி உண்டு. இங்கே வரும் சரக்குக்கு எந்த விதியும் பொருந்தாது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டை எத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு இருந்ததும், அதைக் குடித்த குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததும் நம் எல்லோருக்கும் தெரியும். இருமல் மருந்திலும் வேப் திரவத்திலும் பயன்படும் புரோப்பிலீன் கிளைகால் தரமற்றதாக இருந்தால் அதில் வந்து சேரும் பழைய நஞ்சு அது. உரிமம் பெற்று, ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டிய ஆலையிலேயே இப்படி நடக்கிறதென்றால், ஊர் பேர் இல்லாத குப்பியில் இருக்கும் புரோப்பிலீன் கிளைகாலுக்கு யார் பொறுப்பு? 2009இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோதித்த மின்சிகரெட்டின் கேட்ரிட்ஜ் (திரவம் அடைத்த குழல்) ஒன்றில் இதே நஞ்சு இருந்தது. நிக்கோட்டின் இல்லை என்று அச்சிட்டவற்றிலும் நிக்கோட்டின் இருந்தது.

சிங்கப்பூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறுவை அரங்கில் மயக்க மருந்து வல்லுநர் ஊசியில் ஏற்றும் எட்டோமிடேட் அங்கே வேப் திரவத்தில் கலந்து விற்கப்பட்டது. உடலுக்கு முக்கியமான ஹார்மோன்களைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியின் வேலையையே அமுக்கிவிடும் மருந்து அது. 2025 செப்டம்பரில் அந்நாட்டு அரசு அதைப் போதைப்பொருளாக வகைப்படுத்தியது.

"சிகரெட் பிடிப்பீர்களா?" என்று மட்டும் கேட்டால் வேப் பிடிக்கும் பிள்ளை "இல்லை" என்றுதான் சொல்லும். அது பொய்யும் ஆகாது. அவர்கள் கணக்கில் இது சிகரெட் இல்லை. அதனால் பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வேப் பற்றித் தனியாகக் கேட்கிறேன். போலீஸ் பயத்தில் மறைப்பவர்களும் உண்டு. நான் கேட்பது சிகிச்சைக்காக மட்டுமே.

சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு வந்தவர்களிடம் நான் கோபப்படுவதில்லை. அந்த முயற்சி மதிக்கத் தக்கது. அளவு தெரிந்த நிக்கோட்டின் சூயிங்கமும் ஒட்டுப்பட்டையும் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். கைவசம் இருக்கும் குப்பியைக் குழந்தைகள் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், ஒரு வாய் குடித்தாலே சிறு குழந்தைக்கு உயிராபத்து.

வேப் பிடிப்பவருக்குச் சில நாட்களாக இருமலோடு மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், காய்ச்சலோடு வாந்தி வந்தால், சாதாரணச் சளிதான் என்று காத்திருக்க வேண்டாம். வேப்பால் வரும் நுரையீரல் பாதிப்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைப் போலவே தெரியும், மருத்துவரும் அப்படியே நினைத்துவிடக் கூடும். பிடித்த கருவியையும் மீதமிருக்கும் திரவத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். எப்போது கடைசியாக இழுத்தது என்பதையும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள்.