பில்லியர்ட்ஸ்: கோலின் பெயரில் ஓர் ஆட்டம்

கானாடுகாத்தான் அருகே எங்கள் பங்காளி வீட்டு முகப்பை ஒட்டிய அறையில் 12 அடி நீள மேசை ஒன்று கிடக்கிறது. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன தலைமுறை வாங்கிப் போட்டது. பச்சைத் துணிக்கு அடியில் கற்பலகை. நாலு ஆள் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. கல்யாணம் வந்தால் அதன்மேல் பலகை பரப்பி வெற்றிலைத் தட்டுகளை அடுக்குவார்கள். நாங்களெல்லாம் பில்லியர்ட்ஸ் மேசை என்போம். ஐயா மட்டும் 'கோல் மேசை' என்பார். சொல்லின் வேரைத் தேடியபோதுதான் அவர் வாயில் வந்ததே சரியான பெயர் என்று புரிந்தது.

பில்லியர்ட்ஸ் என்பது பிரெஞ்சு மொழியின் 'பியார்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆட்டத்துக்குப் பெயராகும் முன் அது கோலுக்குப் பெயர். மரத்துண்டைக் குறிக்கும் சொல்லில் பிறந்தது. ஐரோப்பாவில் புல்தரையில் ஆடியதை வீட்டுக்குள் மேசைமேல் ஏற்றினார்கள். பச்சைத் துணி அந்தப் புல்லின் நினைவு. தொடக்கத்தில் தலை பருத்த கோலால் பந்தைத் தள்ளினார்கள். பந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் கோலைத் திருப்பி, மெலிந்த வால்பக்கத்தால் குத்தினார்கள். வாலுக்கான பிரெஞ்சுச் சொல்தான் இன்று அந்தக் கோலுக்கு வழங்கும் 'கியூ' என்ற பெயர்.

ஆகவே தமிழில் 'கோற்பந்து' என்பதே பொருந்தும். மேசைப்பந்து என்றால் டேபிள் டென்னிஸோடு குழம்பிவிடும்.

இந்தக் குடும்பத்தின் மூத்த ஆட்டங்களில் ஒன்று, பில்லியர்ட்ஸ் என்றே நாம் அழைக்கும் ஆங்கிலேய முறை. மூன்றே பந்துகள்: கோலால் அடிக்க ஆளுக்கொரு அடிபந்து, இருவருக்கும் பொதுவாக ஒரு சிவப்பு. சிவப்பை மேசை ஓரத்துப் பையில் வீழ்த்தினால் 3 புள்ளி, எதிராளியின் பந்தை வீழ்த்தினால் 2. நம் பந்து மற்ற இரண்டையும் தொட்டுவிட்டாலும் 2. இந்த இருதொடலுக்கு ஆங்கிலத்தில் 'கேனன்' என்று பெயர். அதைப் பீரங்கி என்று மொழிபெயர்ப்பது பெரும்பிழை. 'கேரம்' என்பதன் திரிபு அது. பைகளே இல்லாத மேசையில் இருதொடலை மட்டுமே எண்ணி ஆடும் 'கேரம்' ஆட்டமும் உண்டு. நம் வீட்டுக் கேரம் பலகையின் பெயரும் அதே வேர்தான். அந்த வேர் 'கரம்போலா', அதாவது நம் தமரத்தம்பழம் (நட்சத்திரப் பழம்). ஆட்டத்தின் சிவப்புப் பந்துக்கு அந்தப் பெயர் இருந்தது. பழத்தின் பெயர் இந்திய மண்ணிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாகப் போனது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பூரிக்கிறது.

இதே குடும்பத்து ஸ்நூக்கர் ஆட்டமோ நம் நாட்டிலேயே பிறந்தது. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற படை அதிகாரி தொடங்கிவைத்தார். உதகமண்டலம் கிளப்பில் விதிகள் உருப்பெற்றன. சிவப்புப் பந்து 15, மற்ற வண்ணப் பந்து 6, வெள்ளை அடிபந்து 1. ஒரு சிவப்பு, ஒரு வண்ணம் என மாறிமாறி வீழ்த்த வேண்டும். சிவப்பு மேசையில் இருக்கும்வரை, விழுந்த வண்ணம் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். ஸ்நூக்கர் என்பது படைப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்த மாணவனுக்கு வைத்த கேலிப்பெயர். அதற்குத் தமிழ் தேட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஆனால் அடிக்க வேண்டிய பந்தை இன்னொன்று மறைத்து நிற்கும் நிலையையும் ஸ்நூக்கர் என்கிறார்கள். அதற்கு 'மறிப்பு' போதும்.

இன்னோர் ஆட்டமான பூலின் பெயர், பந்தயப் பணத்தைக் குறித்த சொல். அதன் எட்டுப்பந்து முறையில் ஒருவருக்கு முழுநிறப் பந்து ஏழு, மற்றவருக்குப் பட்டைப் பந்து ஏழு. தன் ஏழையும் முடித்தவரே கறுப்பு எட்டின்மேல் கோலை நீட்டலாம்.