மழை மேல பழி போட்டு கேஸை மூட விடாதீங்க

கோலாலம்பூர்ல சாயங்காலம் மழை கொட்டுச்சுன்னா ஃபெடரல் ஹைவேலயோ ஜாலான் கூச்சிங்லயோ யாராவது ஒரு மோட்டார் சைக்கிள்காரர் அடிபட்டுக் கிடப்பாரு. இடிச்ச கார்காரர் சொல்றது எப்பவும் ஒண்ணுதான், "மழை அண்ணே, பிரேக் பிடிக்கல". நம்ம ஆளுங்களும் விதின்னு விட்டுட்டுப் போயிடறாங்க, அதைப் பார்த்து வயிறு எரியுது.

மழைக்குத் தகுந்த மாதிரி வேகத்தைக் குறைச்சு இடைவெளி விட்டு ஓட்டறது டிரைவரோட பொறுப்பு, சட்டம் அவ்வளவுதான். வழக்கமா பெய்யற மழை கடவுள் செயல் ஆகாது. தேஞ்ச டயரு, எரியாத லைட்டு, முன்னாடி போற வண்டிய ஒட்டிக்கிட்டே போறது எல்லாம் கவனக்குறைவுதான். உங்க பக்கமும் தப்பு இருந்தா நஷ்டஈடு அந்த அளவுக்குக் குறையும், ஒரேடியா போயிடாது. மேம்பாலத்துக்கு அடியில மழைக்கு ஒதுங்கி நின்ன மோட்டார்காரங்கள இடிச்சா "நீ ஏன் அங்க நின்ன"னு கேட்டே வாயடைச்சிடுவாங்க, அதுக்காக கேஸே இல்லன்னு சொன்னா நம்பாதீங்க.

உண்மையான கண்ணி போலீஸ் ரிப்போர்ட்லதான் இருக்கு. 24 மணி நேரத்துக்குள்ள போடணும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா என்ன எழுதினாங்கன்னு யாரும் பாக்கறதில்ல. ஒரு பாலாய்ல (போலீஸ் ஸ்டேஷன்ல) வயசான அங்கிள் ஒருத்தர் அரை மணி நேரமா தமிழும் மலாயும் கலந்து சொல்றாரு, பின்னாடி வந்த கார் வேகமா வந்துச்சு, லைட் போடலன்னு. கவுண்டர்ல டைப் பண்ணது ஒரே வரி, "ஹூஜான் லெபாட், ஜாலான் லிச்சின்", அதாவது பலத்த மழை, ரோடு வழுக்கல். கண்ணாடி கொண்டு வரல, அப்படியே சைன் போட்டுட்டாரு. இன்சூரன்ஸ்காரங்க கைக்குப் போறது அந்த ஒரு வரிதான்! படிச்சுக் காட்டச் சொல்லுங்க, மலாய் தெரிஞ்ச பிள்ளைங்கள கூட்டிட்டுப் போங்க, எந்த லேன், லைட் இருந்துச்சா, எங்க இடிச்சது எல்லாம் இருக்கான்னு பாத்துட்டு சைன் பண்ணுங்க. ஆஸ்பத்திரில இருந்ததால லேட்டுன்னா அதையும் எழுத வைங்க.

அப்புறம் அலைய விடுவாங்க. ஐஓ (கேஸை விசாரிக்கற போலீஸ் அதிகாரி) இல்ல, ஐஓ கோர்ட்டுக்குப் போயிட்டாரு, அடுத்த வாரம் வாங்க. விசாரணை முடிவும் சம்பவ இடத்தோட வரைபடமும் இல்லாம வக்கீலும் நகர மாட்டாரு இன்சூரன்ஸும் நகராது, அதனால ஐஓ பேரு, ரிப்போர்ட் நம்பர் முதல் நாளே குறிச்சுக்குங்க. உங்களுக்கு சமன் (போலீஸ் அபராத நோட்டீஸ்) வந்தா, தப்பு உங்க மேல இல்லன்னா தயவுசெஞ்சு பணம் கம்மின்னு உடனே கட்டிடாதீங்க, கட்டினா இன்சூரன்ஸ் உங்க தப்புன்னுதான் எடுத்துக்கும். கோர்ட்ல மறுக்கலாம். போலீஸ் முடிவு சிவில் கோர்ட்டைக் கட்டுப்படுத்தவும் செய்யாது.

ரோட்டோரத்துல "செட்டில் பண்ணிக்கலாம்"னு 200, 300 ரிங்கிட் நீட்டினா வாங்காதீங்க, வலி மறுநாள்தான் தெரியும். கூப்பிடாமலே வர்ற டோ ட்ரக், ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து "நான் லாயர் ஆபீஸ்ல இருந்து வர்றேன்"னு பேப்பர் நீட்டற ஆளு, ரெண்டு பேர் கிட்டயும் எதுலயும் கையெழுத்து போடாதீங்க.

வேலைக்குப் போற வழியில அடிபட்டா பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இருக்கு, அதுக்கு யார் தப்புங்கிற கேள்வியே கிடையாது. முதலாளி 48 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும், பலர் ஃபாரத்தை மேசைல போட்டு வச்சுக்குவாங்க, விடாம கேளுங்க, நகர்லன்னா நீங்களே பெர்கேசோ ஆபீஸுக்குப் போங்க. வழியில வேற இடத்துக்குத் திரும்பியிருந்தா மறுப்பாங்க.

கேஸ் போடறதுக்குக் காலக்கெடு பொதுவா காயத்துக்கு 6 வருஷம், உயிர் போயிருந்தா குடும்பத்துக்கு 3 வருஷம். காத்துல மரம் விழுந்து டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) மேல கேஸ் போடறதா இருந்தா 36 மாசம்தான். 2024 மே 7ஆம் தேதி ஜாலான் சுல்தான் இஸ்மாயில்ல விழுந்த பெரிய மரத்துல ஒருத்தர் உயிரே போச்சு, அன்னிக்கு நொறுங்கினது 17 வண்டி. மரம் விழுந்தா அடிமரம் உளுத்திருக்கான்னு அறுத்து எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடியே கிட்ட போய் போட்டோ எடுத்துடுங்க, மறுநாள் போனா அங்க ஒண்ணும் இருக்காது.