கூலிங் அதிகமாக இருப்பதும் கோளாறுதான்

ஃப்ரிட்ஜ் வேலைக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ‘கூலிங்கே இல்லை’ என்றுதான் இருக்கும். மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் நேர்மாறாகச் சொல்வார்கள். தயிர் கட்டியாகிறது, கொத்தமல்லி கண்ணாடி மாதிரி ஆகிக் கொழகொழவென்று போகிறது, முட்டை வெடிக்கிறது. இவர்களில் பலர் ரொம்ப நாள் பொறுத்துத்தான் கூப்பிடுகிறார்கள். நன்றாகக் குளிர்கிறதே, இதில் என்ன கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள்.

மதுரையில் போன கோடையில் நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். எழுபது வயது தாண்டிய அம்மா, தனியாக இருக்கிறார். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். “ரெண்டு வாரமா தோசை மாவு கல்லு மாதிரி இருக்கு தம்பி. வெயிலுக்கு நல்லதுதானேன்னு விட்டுட்டேன். இன்னைக்குத் தண்ணி பாட்டில் வெடிச்சிருச்சு” என்றார். தண்ணீர் உறையும்போது கொள்ளளவில் சுமார் 9 சதவீதம் பெருக்கும். கண்ணாடி பாட்டில் தாங்காது.

கதவைத் திறந்து பார்த்தேன். ஃப்ரீசருக்கு நேர் கீழ்த் தட்டில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி, பின்சுவரோடு ஐஸில் ஒட்டிக் கிடந்தது. இழுத்ததும் சரக்கென்று அட்டை கிழிந்து வந்தது. உள்ளே இன்சுலின் குப்பி. அசைத்தால் மருந்தோடு சின்னச் சின்ன ஐஸ் துகளும் சேர்ந்து ஆடியது.

“அம்மா, இதையா போட்டுக்கிறீங்க?”

“ஆமாப்பா. காலைல எடுத்துக் கைல வச்சு உருட்டினாக் கரைஞ்சிரும். பத்து நாளா சுகர் இறங்கவே மாட்டேங்குது. டாக்டர் அளவைக் கூட்டிக் குடுத்திருக்காரு.”

அன்று ஃப்ரிட்ஜைத் தொடுவதற்கு முன்னால் அவருடைய டாக்டருக்குத்தான் போன் போடச் சொன்னேன். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒரு முறை உறைந்துவிட்டால் அதன் வீரியத்தை நம்ப முடியாது. கரைந்த பிறகு பார்வைக்குப் பழையபடி தெரிந்தாலும் போடக் கூடாது, தூக்கிப்போட வேண்டியதுதான். இன்னொரு ஆபத்தும் உண்டு. வீரியம் இல்லாத மருந்துக்கு ஏற்றாற்போல் கூட்டிய அளவை நல்ல புதுக் குப்பியிலிருந்து அப்படியே போட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடலாம். அதனால் மருந்தை மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

சரி, ஃப்ரிட்ஜுக்கு வருவோம். ஒற்றைக் கதவு மாடலில் கூலிங்கை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று போய் ஃப்ரீசர் தகட்டோடு ஒட்டியிருக்கும். குழாய்க்குள் கொஞ்சம் வாயு அடைத்திருக்கும். குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் சுவிட்ச் ‘டிக்’கென்று விலகும், கம்ப்ரசர் நிற்கும். நாங்கள் கட் ஆஃப் என்று சொல்வது இதைத்தான். அந்த அம்மா வீட்டில் தெர்மோஸ்டாட்டின் எண் போட்ட திருகை 0-க்குக் கொண்டுவந்தேன். கம்ப்ரசர் நிற்கவில்லை. டிக் சத்தமும் இல்லை. சுவிட்ச் முனைகள் தீய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. இரண்டு வாரமாகக் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடியிருக்கிறது. தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், சில நூறு ரூபாயோடு முடிந்தது.

இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். திருகை 0-க்குத் திருப்பியும் ஓடினால் தெர்மோஸ்டாட்தான். 0-வில் நின்று, மற்ற எண்களில் நிற்கவே மாட்டேன் என்றால், அந்தக் குழாய் பிடிப்பிலிருந்து நழுவித் தகட்டைத் தொடாமல் தொங்குகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். தகட்டின் குளிர் குழாய்க்குத் தெரியாவிட்டால் கட் ஆஃப் ஆகாது. குழாயில் இருக்கும் வாயு கசிந்துவிட்டால் விஷயம் நேர்மாறு, ஃப்ரிட்ஜ் ஓடவே ஓடாது.

அதற்கும் முன்னால் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் எண் கூடக் கூடக் கூலிங் கூடும். மே மாதம் 6-ல் வைத்ததை மழைக்காலத்திலும் அப்படியே விட்டுவிடுகிறோம். அப்புறம் ஃப்ரீசருக்கு அடியில் இருக்கும் ட்ரே. இடம் பத்தவில்லை என்று அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். மேலிருந்து இறங்கும் குளிர் நேராக முதல் தட்டில் விழாமல் தடுப்பதே அதுதான். ட்ரேயைத் திரும்ப மாட்டியதுமே சரியான வீடுகள் பல.

இரட்டைக் கதவு, ஐஸ் கட்டாத மாடல்களில் கதை வேறு. அங்கே குளிர் ஃப்ரீசரில் உருவாகி, ஃபேன் வழியாகக் கீழே காற்றாக வருகிறது. எவ்வளவு காற்று வரலாம் என்பதை டேம்பர் என்ற சின்னக் கதவு பார்த்துக்கொள்ளும். அதில் ஐஸ் பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டால், கீழ்ப்பகுதியும் ஃப்ரீசராகிவிடும். ஃப்ரிட்ஜைக் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். சரியாகி, பத்துப் பதினைந்து நாளில் மறுபடி வந்தால், ஐஸ் ஏன் அங்கே பிடிக்கிறது என்று தேட வேண்டும். கதவு ரப்பர் தளர்ந்து ஈரக் காற்று உள்ளே போவது ஒரு முக்கியக் காரணம். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை.

டிஜிட்டல் மாடலில் குளிரை அளக்கும் சென்சார்மேலும் சந்தேகம் வர வேண்டும். குளிரக் குளிர அதன் மின்தடை கூட வேண்டும். உள்ளே ஈரம் இறங்கிவிட்டால் தடை குறைவாகவே இருக்கும். இன்னும் குளிரவில்லை என்று ஃப்ரிட்ஜை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு நினைத்து கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டே இருக்கும். சென்சாரை ஐஸ் தண்ணீரில் முக்கி மீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் எடுத்த எடுப்பிலேயே ‘போர்டு போச்சு’ என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

‘கேஸ் ஜாஸ்தியாயிருச்சு, எடுத்துட்டுப் புதுசா சார்ஜ் பண்ணணும்’ என்று சொல்பவர்களும் உண்டு. கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். தானாக ஜாஸ்தியாக அதற்குள் கேஸ் ஊறுவதில்லை. உள்ளே எல்லாம் உறைகிறது என்றால் கேஸ் நன்றாக வேலை செய்கிறது, நிறுத்த வேண்டியதுதான் நிறுத்தவில்லை.

உறைந்த ஐஸைக் கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ குத்தவே குத்தாதீர்கள். ஒற்றைக் கதவு ஃப்ரீசரின் தகடு மெல்லிய அலுமினியம், அதற்குள்ளேயே கேஸ் ஓடுகிறது. இப்போது வரும் பல மாடல்களில் இருப்பது ஆர்600ஏ, தீப்பற்றக்கூடிய வாயு. ஓட்டை விழுந்தால் ஃப்ரிட்ஜும் போகும், பக்கத்தில் அடுப்பு எரிந்தால் ஆபத்தும் கூட.

எத்தனை டிகிரி என்று அறிய, ஒரு தம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, அதில் ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் 3 முதல் 5 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. காய்ச்சலுக்கு வைக்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.

அந்த அம்மா வீட்டில் மறுநாள் காலை 4 டிகிரி காட்டியது. புது இன்சுலினை மூடி போட்ட ஒரு டப்பாவில் வைத்து, பின்சுவரும் ஃப்ரீசரும் அண்டாத கதவுத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். டாக்டர் சொன்ன புது அளவை ஒரு சீட்டில் எழுதி டப்பாமேல் ஒட்டியிருந்தார் அவர்.